கிளுவை எழும்பினால் வானம் கறுக்கும்: வடசென்னை வேட்டைப் பேச்சை எப்படிக் கேட்பது

சித்திரை வெயிலில் பெரம்பூர் வீட்டுத் திண்ணையில் உட்கார்ந்தால் பேச்சு தானாக மார்கழி வாத்து வேட்டைக்குப் போய்விடும். பெரியப்பா ரயில்வே பட்டறையில் ஃபிட்டர். கூட வேலை பார்த்த நாலைந்து பேர் சாயங்காலமானால் வந்துவிடுவார்கள். கைலி, விசிறி, சொம்பில் மோர். அவர்களில் ஒருவர் ஆங்கிலோ இந்தியர், ரயில் ஓட்டியவர். தெருவே அவரை அங்கிள் என்றுதான் கூப்பிடும். நான் சொல்வது 1980களின் நடுப்பகுதி. அப்போது அவர்கள் யாரிடமும் துப்பாக்கி கிடையாது. கடைசியாகச் சுட்டுப் பதினைந்து வருஷம் ஆகியிருக்கும். ஆனால் பேச்சு என்னவோ வருகிற ஐப்பசிக்குக் கிளம்பப் போகிறவர்கள் பேச்சுதான். எந்த ரயிலைப் பிடிப்பது, மீஞ்சூரில் இறங்குவதா பொன்னேரியில் இறங்குவதா, தோட்டாவுக்குள் எந்த நம்பர் ஈய ரவை, யார் வீட்டில் சமையல்.

இதில் ஒரு வாக்கியம் எப்படியும் வந்து சேரும். "ஒரே வெடி. அவ்ளோதான். வானமே கறுத்துப்போச்சு." எத்தனை இருக்கும் என்று கேட்டால் ஆளுக்கு ஒரு கணக்கு. ஒருவர் பத்தாயிரம் என்பார். அடுத்தவர் லட்சத்துக்குக் குறையாது என்பார். உள்ளேயிருந்து பெரியம்மா, "போன வாரம் அம்பதாயிரம்னு சொன்னீங்க" என்று குரல் கொடுப்பார்.

வேட்டைக்காரர் பேச்சை ஒதுக்குவதற்கு இரண்டு சுலபமான வழிகள் உண்டு. கதை விடுகிறார்கள் என்று சிரித்துவிடலாம். இல்லையென்றால், கொன்று தின்றவர்களுக்கு இப்போது என்ன ஏக்கம் என்று முகத்தைத் திருப்பிக்கொள்ளலாம். நான் இரண்டையும் செய்திருக்கிறேன். பறவை பார்க்கும் பழக்கம் வந்து, அதே ஏரிகளுக்குப் பைனாகுலரோடு போய்வர ஆரம்பித்த பிறகுதான் அந்தப் பேச்சில் ஒரு விஷயம் பிடிபட்டது. அவர்கள் சொன்ன எண்ணை மட்டும் விட்டுவிட்டால் மற்றது பெரும்பாலும் சரி. எந்த மாதம், எந்தக் காற்று, தண்ணீர் எவ்வளவு ஆழம், பறவை எந்தப் பக்கமிருந்து வந்தது என்பதெல்லாம் அச்சாக நிற்கிறது. எண் ஏன் அப்படி ஊதிக்கொண்டது என்பதற்கும் காரணங்கள் இருக்கின்றன. அந்தக் காரணங்களைப் பார்த்தால் பறவைகளைப் பற்றியே நாலு விஷயம் தெரிகிறது.

முதலில், எந்தப் பறவை என்பதிலேயே குழப்பம். திண்ணையில் எல்லாமே "டீல்"தான். அங்கிள் சொல்லி எல்லாருக்கும் ஒட்டிக்கொண்ட சொல். தமிழில் கிளுவை என்பார்கள், பொதுவாகத் தாரா என்றும் சொல்வார்கள். ஆனால் அந்த ஒரு சொல்லுக்குள் குறைந்தது நாலு பறவை அடங்கியிருக்கிறது. நிஜமான கிளுவை, அதாவது இறக்கையில் பச்சைப் பட்டை மின்னும் சின்ன வாத்து, தெற்கே நம் பக்கம் ஓரளவுக்குத்தான் வரும். பெருங்கூட்டமாக வருவது நீலச்சிறகி. ஆண் பறவைக்குக் கண்ணுக்கு மேலே வெள்ளைப் பட்டை, இறக்கையின் முன்பகுதியில் சாம்பல் கலந்த நீலம். தென்னிந்தியாவுக்குக் குளிர்காலத்தில் வரும் வாத்துகளில் எண்ணிக்கையில் முதலிடம் இதற்குத்தான். எடை நானூறு கிராமைத் தொட்டால் பெரிது. அந்த உடம்பை வைத்துக்கொண்டு சைபீரியா, கஜகஸ்தான் பக்கமிருந்து இமயத்தைத் தாண்டி வந்து பொன்னேரி வயலில் இறங்குகிறது.

மூன்றாவது சீழ்க்கைச் சிறகி. இதை வேட்டைக்காரர்கள் "விசில் டீல்" என்றார்கள். பெயரில்தான் டீல், பறவை இனத்தால் அதுவும் கிளுவையும் வேறு வேறு கிளை. முக்கியமாக, அது எங்கிருந்தும் வருவதில்லை. வருஷம் முழுக்க இங்கேயே இருந்து, மரப்பொந்திலும் கோரைக்குள்ளும் முட்டையிடும் பறவை. பகலெல்லாம் ஏரியில் நூற்றுக்கணக்கில் கும்பலாக ஒடுங்கிக் கிடந்துவிட்டு, இருட்டுகிற நேரம் சீழ்க்கையடித்துக்கொண்டு வயலுக்குக் கிளம்பும். நாலாவது, அல்லித்தண்டு நிறைந்த குட்டைகளில் இருக்கும் குள்ளத்தாரா. இதையும் "பஞ்சு டீல்" என்று சேர்த்துக்கொண்டார்கள். ஆக, "அந்த வருஷம் டீல் லட்சம்" என்று ஒருவர் சொன்னால், அதில் வலசை வந்தது எத்தனை, ஊர்ப்பறவை எத்தனை என்று பிரிக்க வேண்டியிருக்கிறது. பெரியப்பாவிடம் ஒருமுறை கேட்டேன். "தட்டுல விழுந்தா எல்லாம் ஒண்ணுதான்" என்றார். சரி, அவருக்கு அந்தப் பிரிவினை தேவைப்படவில்லை.

தேவைப்பட்ட இடங்களில் அவர்கள் கண் கூர்மையானது. "மொதல்ல பொட்டைங்கதான் வரும், சேவலுங்க தை மாசத்துக்கு அப்புறம்தான்" என்று அங்கிள் அடித்துச் சொல்வார். மற்றவர்களும் தலையாட்டுவார்கள். அது தவறு. ஆனால் பார்த்துச் சொன்ன தவறு. இனப்பெருக்கம் முடிந்ததும் ஆண் வாத்துகள் தங்கள் பகட்டு இறகுகளை உதிர்த்துவிட்டுக் கொஞ்சகாலம் பெட்டையைப் போலவே பழுப்பு உடுப்பில் திரியும். மற்ற வாத்துகள் முன்பனிக்குள் பழைய கோலத்துக்கு வந்துவிடும். நீலச்சிறகி ரொம்ப நிதானம். ஆண்கள் பிப்ரவரி வரைக்கும்கூட அந்தப் பழுப்பிலேயே இருக்கும். புரட்டாசியில் வந்த அதே பறவைதான் மாசியில் வெள்ளைப் புருவத்தோடு நிற்கிறது. திண்ணைக்காரர்கள் அதைப் புதிதாக வந்து இறங்கிய சேவல் என்று எடுத்துக்கொண்டார்கள். மாதக் கணக்கில் பிசகே இல்லை, விளக்கம்தான் தவறிவிட்டது. எனக்கு இந்த ஒரு உதாரணமே போதும், அவர்கள் சொன்ன மற்ற மாதங்களையும் நம்புவதற்கு.

சத்தமும் அப்படித்தான். நீலச்சிறகிச் சேவல் கத்துவது சீப்பின் பல்லை நகத்தால் சரக்கென்று இழுத்தாற்போல் இருக்கும். பெரியப்பா தன் சட்டைப்பை சீப்பை எடுத்துச் செய்து காட்டுவார். பல வருஷம் கழித்து அண்ணாமலைச்சேரிப் பக்கம் ஒரு பங்குனிக் காலையில் அதை முதன்முதலாக நேரில் கேட்டபோது, எனக்குப் பறவை ஞாபகம் வரவில்லை, சீப்புதான் வந்தது.

எப்போது, எங்கே என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். நீலச்சிறகி ஆவணிக் கடைசியிலேயே தலைகாட்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஏரிகள் நிறையும். மார்கழி, தையில் கூட்டம் உச்சம். பங்குனி, சித்திரையில் கிளம்பிவிடும். பேசின் பிரிட்ஜிலிருந்து கூடூர் போகும் ரயில்பாதையை வரைபடத்தில் பார்த்தால் அவர்களின் வேட்டைக்காடு முழுவதும் அதன் இரண்டு பக்கமும் கிடக்கிறது. திருவொற்றியூர் தாண்டினால் மேற்கே மணலிச் சதுப்பு, எண்ணூர்க் கழிமுகம், அத்திப்பட்டு, மீஞ்சூர் வயல்கள், பொன்னேரியைச் சுற்றி ஏரிகள், கிழக்கே காட்டூர், தத்தமஞ்சி, அப்புறம் பழவேற்காடு. ரயில்வேக்காரர்களுக்குப் பாஸ் இருந்தது. துப்பாக்கியைக் கித்தான் உறையில் சுற்றி, விடியற்காலை வண்டியில் ஏறுவார்கள். ஊருக்குப் பக்கத்திலேயே மாதவரம் ஏரி, ரெட்டேரி, புழல். 1876இல் நகரத்துக்குக் குடிநீர் தேக்கிய புழல் ஆழமானது. வாத்துக்கு அது படுக்கை, சாப்பாட்டுத் தட்டு அல்ல.

இந்த ஆழக் கணக்கு முக்கியம். கிளுவை வகை வாத்துகள் முங்கி இரை தேடுவதில்லை. தலையைத் தண்ணீருக்குள் விட்டு, வாலை வானத்துக்குத் தூக்கி, எட்டுகிற தூரத்துக்குச் சேற்றை அளையும். அதற்கு முழங்கை ஆழத் தண்ணீர் போதும், அதற்கு மேல் ஆழம் உதவாது. பகலில் திறந்த நீர்ப்பரப்பில் கும்பலாக மிதந்து தூங்கிவிட்டு, இரவில் வயலுக்கும் ஓரத்துச் சகதிக்கும் மேயப் போகும். வேட்டைக்காரர்களின் தந்திரம் முழுவதும் இந்த ஒரு பழக்கத்தின் மேல் கட்டியது. ஏரிக்கும் வயலுக்கும் நடுவே வரப்பில் பதுங்கி, அந்தியில் தலைக்கு மேலே போகும் கூட்டத்துக்காகக் காத்திருப்பது. விடிகாலையில் திரும்பி வருகிற வழியில் இன்னொரு முறை.

இப்போது அந்தக் கறுத்த வானத்துக்கு வருவோம்.

நாங்கள் இன்று ஏரிக்கரைக்குப் போகும்போது எவ்வளவு சத்தமில்லாமல் போக முடியுமோ அப்படிப் போகிறோம். பறவையைக் கிளப்பக் கூடாது என்பது முதல் பாடம். கரையிலிருந்து பார்த்தால் மிதக்கிற வாத்துக்கூட்டம் தண்ணீர்மேல் ஒரு கரும்பட்டை. பார்வை தாழ்வாகப் போவதால் முன்வரிசை நாலைந்து அடுக்குதான் தெரியும். அதற்குப் பின்னால் இருப்பது, கோரைக்குள் ஒடுங்கியிருப்பது, எதிர்க்கரை நிழலில் தூங்குவது எதுவும் கணக்கில் வராது. வேட்டைக்காரன் பார்த்த காட்சி வேறு. ‘ட்வெல்வ் போர்’ வேட்டைத் துப்பாக்கி ஒருமுறை வெடித்தால் ஏரியில் இறக்கை உள்ள அத்தனையும் ஒரே நொடியில் மேலே இருக்கும். கிளுவை மற்ற பெரிய பறவைகளைப் போலத் தண்ணீர்மேல் ஓடி வேகம் பிடிக்காது. நின்ற இடத்திலிருந்து செங்குத்தாக எகிறும். கூடவே ஊசிவால் வாத்து, தட்டைவாயன், சீழ்க்கைச் சிறகி, நாமக்கோழி, உள்ளான் எல்லாம். ஏரியின் முழு இருப்பும் ஒரே பார்வையில். அந்தக் காட்சியைத் துப்பாக்கி ஒன்றுதான் தரும். ஐம்பது வருஷமாக யாரும் வெடிக்காத ஏரியில் வானம் கறுக்காததற்கு, பறவை குறைந்தது தவிர, இந்த எளிய காரணமும் இருக்கிறது.

ஆனால் அதே வெடி கணக்கை ஊதவும் செய்கிறது. எழுந்த கூட்டம் உடனே ஓடிவிடாது. ஏரியைச் சுற்றி இரண்டு மூன்று வட்டம் அடிக்கும். வரப்பில் பதுங்கியிருப்பவன் தலைக்கு மேல் அதே ஆயிரம் பறவை மூன்று முறை போகும். ஒவ்வொரு முறையும் புதுக் கூட்டம் போலவே தோன்றும். தோட்டாவை மாற்றும் பதற்றத்தில் யார் அடையாளம் பார்ப்பது? இதில் இன்னொரு வேடிக்கையும் உண்டு. பறவைக் கணக்கெடுப்புக்குப் போனவர்களுக்குத் தெரியும், பெரிய கூட்டத்தைப் பார்த்த மாத்திரத்தில் மதிப்பிடச் சொன்னால் மனிதக் கண் பெரும்பாலும் குறைத்துத்தான் சொல்லும். அதனால்தான் பத்துப் பறவை எவ்வளவு இடம் பிடிக்கிறது என்று முதலில் மனதில் வாங்கிக்கொண்டு, அதை நூறாக்கி, நூறு நூறாக நகர்த்தி எண்ணச் சொல்லிக்கொடுக்கிறார்கள். ஆக, ஏரிக்கரையில் நின்றபோது பெரியப்பா குறைத்தே மதிப்பிட்டிருக்கலாம். எண் பெருத்தது திண்ணையில்.

அடுத்தது மழை. 2015இல் ஊரே மூழ்கியது. 2019 ஜூனில் புழல் ஏரி வறண்டு, தரை பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. நான்கே வருஷத்துக்குள் இரண்டும். வடகிழக்குப் பருவமழை எப்போதுமே இப்படித்தான் ஆடும். நல்ல மழை வருஷத்தில் குட்டை, தாங்கல், வயல், பள்ளம் எல்லாவற்றிலும் தண்ணீர் நிற்கும். வாத்துகள் மாவட்டம் முழுக்கச் சிதறிவிடும். எந்த ஏரிக்குப் போனாலும் கொஞ்சம் இருக்கும், எங்கேயும் கூட்டம் இருக்காது. மழை பொய்த்த வருஷத்தில் சுற்றுவட்டாரம் காய்ந்து, தண்ணீர் மிஞ்சிய ஓரிரு ஏரிகளில் மொத்தப் பறவையும் வந்து குவியும். அதாவது, ஓர் ஏரியில் பிரமாண்டமான கூட்டம் என்பது செழிப்பின் அடையாளமாக இருக்க வேண்டியதில்லை, நெருக்கடியின் அடையாளமாகவும் இருக்கலாம். வேட்டைக்காரர்களுக்கு ஞாபகத்தில் நின்றது அந்த வருஷங்கள்தான். வரப்பில் நாள் முழுக்கக் கிடந்து, கொசுக்கடி வாங்கி, வெறுங்கையோடு ரயிலேறிய வருஷங்களை யார் சித்திரையில் உட்கார்ந்து பேசுவார்கள்? ஒருமுறை அங்கிள் வாய்தவறிச் சொன்னார், பெருங்கூட்டத்தைப் பார்த்த அந்த வருஷம் வீட்டுக் கிணற்றில் தண்ணீரே இல்லை, லாரித் தண்ணீர் வாங்கினோம் என்று. அவர் அந்த இரண்டையும் சேர்த்துப் பார்க்கவில்லை. எனக்கும் அப்போது தெரியாது.

ராஜாக்களின் வேட்டைக்குப் பதிவேடு உண்டு. ராஜஸ்தானின் பரத்பூரில் 1938 நவம்பர் 12 அன்று வைஸ்ராய் லின்லித்கோவின் கோஷ்டி ஒரே நாளில் 4,273 பறவைகளைச் சுட்டதைக் கல்லிலேயே வெட்டி வைத்திருக்கிறார்கள். இன்றைக்கும் அங்கே கேவலாதேவ் பூங்காவுக்குப் போகிறவர்கள் அந்தக் கல்லைப் பார்க்கலாம். வெட்கப்பட வேண்டிய கணக்குத்தான், ஆனாலும் அது கணக்கு. ஒரு நாளில் அத்தனை விழ வேண்டுமென்றால் மேலே எத்தனை பறந்திருக்கும் என்று ஊகிக்கலாம். பெரம்பூர் ஃபிட்டர் எந்தக் கல்லில் வெட்டுவார்? எட்டுப் பறவை, பத்துப் பறவை. வீட்டுக்கு வந்து இறகைத் தோலோடு சேர்த்து உரித்து, இல்லாவிட்டால் சேற்றுக் கவிச்சி போகாது, மிளகு தூக்கலாகப் போட்டு வறுத்து, பல்லில் ரவை கடிபடாமல் பார்த்துச் சாப்பிடு என்று பிள்ளைகளுக்கு எச்சரிக்கை சொல்லி முடித்துவிடுவார்கள். அங்கிள் வீட்டில் விண்டலூ. பதிவேடு என்று இருந்தால் அது அந்தத் திண்ணைதான்.

பறவை எங்கிருந்து வந்து எங்கே போகிறது என்று தெரிந்ததிலும் வேட்டைக்காரர்களுக்குப் பங்கு உண்டு. 1960களில் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம், சாலிம் அலியின் முன்னெடுப்பில், ஆயிரக்கணக்கான பறவைகளின் காலில் வளையம் மாட்டிப் பறக்கவிட்டது. பரத்பூரில் வளையமிட்ட வாத்துகள் சோவியத் நாட்டில் கிடைத்தன. கிடைத்தன என்றால், பெரும்பாலும் அங்கே யாரோ ஒரு வேட்டைக்காரர் சுட்டு, காலில் இருந்த வளையத்தைத் திருப்பி அனுப்பினார் என்று பொருள். வலசை வரைபடத்தின் கோடுகளில் பாதி இப்படி வரைந்தவை.

சட்டத்தின் கதை கொஞ்சம் சுற்றுவழி. சுடக் கூடாத காலம் என்று ஒன்றைச் சட்டத்தில் வைத்தது 1912ஆம் ஆண்டுச் சட்டம். வாத்து அதன் பட்டியலில் இருந்தது. 1972இல் வனஉயிரினப் பாதுகாப்புச் சட்டம் வந்தபோது வாத்துகளை நாலாம் அட்டவணையில், சிறு வேட்டை என்ற தலைப்பின் கீழ் வைத்தார்கள். உரிமம் வாங்கிச் சுடலாம் என்ற வாசல் ஏட்டளவில் திறந்தே இருந்தது. 1991 திருத்தம் அந்த உரிம முறையையே எடுத்துவிட்டது. 2022 திருத்தத்தில் அட்டவணைகளே மாறின, தண்டனையும் கூடியது. இன்று ஒரு கிளுவையைச் சுட்டால் மூன்று ஆண்டுவரை சிறை, ஒரு லட்சம் ரூபாய்வரை அபராதம். திண்ணைக்காரர்களைப் பொறுத்தவரை 1970களின் தொடக்கத்திலேயே எல்லாம் முடிந்துவிட்டது. உரிமத்தைப் புதுப்பிக்கும் அலைச்சலில் ஒவ்வொருவராகத் துப்பாக்கியை ஒப்படைத்துவிட்டார்கள்.

பழைய செங்கல்பட்டு மாவட்டத்திலேயே இதற்கு நேர்மாறான ஒரு கதையும் இருந்ததை இங்கே சொல்லாமல் போக முடியாது. வேடந்தாங்கல் ஊர்க்காரர்கள் தங்கள் ஏரியில் வெள்ளைக்காரச் சிப்பாய்கள் சுட்டதை எதிர்த்து, ஆட்சியர் லயனல் பிளேஸிடம் முறையிட்டு, 1798இல் எழுத்து வாங்கியவர்கள். பறவை எச்சம் கலந்த தண்ணீர் வயலுக்கு உரம் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது. பொன்னேரிப் பக்கம் அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. பழவேற்காட்டு ஏரியின் தமிழகப் பகுதி சரணாலயமானது 1980இல்தான்.

திண்ணையில் இன்னொரு வாதம் ஓடும். எனக்கு ரொம்ப நாள் எரிச்சலூட்டியது அதுதான். "நாங்க சுடறத நிறுத்தினோம், அதோட பறவையும் போச்சு." கேட்கவே அபத்தமாக இருக்கும். ஆனால் ஆண்டுகளை வரிசையாக வைத்துப் பார்த்தால் அந்த அபத்தம் எங்கிருந்து வந்தது என்று தெரியும். மணலியில் எண்ணெய்ச் சுத்திகரிப்பு ஆலை ஓட ஆரம்பித்தது 1969. எண்ணூர் அனல்மின் நிலையம் 1970. பக்கத்திலேயே உர ஆலை. அதே 1960களின் கடைசியில்தான் மீஞ்சூர்ப் பக்கம் ஆலைகளுக்காக நிலத்தடி நீரை இறைத்து இறைத்து, கடல்நீர் உள்ளே ஏறத் தொடங்கியது. உப்பேறிய கிணற்றை வைத்துக்கொண்டு மூன்று போகம் நெல் போட முடியாது. நெல் போனால் இராத்திரி மேய்ச்சல் போயிற்று. இவ்வளவுக்கும் நடுவே 1972 சட்டம். துப்பாக்கி ஓய்ந்ததும் மேய்ச்சல் நிலம் சுருங்கியதும் ஒரே மூன்று நான்கு வருஷத்துக்குள். அவர்கள் ஒன்றுக்குப் பின் ஒன்றாகப் பார்த்ததைக் காரணம் என்று எடுத்துக்கொண்டார்கள். மறுபக்கம், சட்டம் வந்ததால் பறவை பிழைத்தது என்று நாமும் ஒரே வாக்கியத்தில் முடித்துவிடுகிறோம். அதுவும் அதே அவசரம்தான். பறவை பிழைத்தது. அது இறங்க இடம்தான் பிழைக்கவில்லை.

பிறகு நடந்ததெல்லாம் வடசென்னைக்காரர்களுக்குத் தெரிந்த கதை. 1990களில் வட சென்னை அனல்மின் நிலையம் வந்தது, அதன் சாம்பல் கொசஸ்தலை ஆற்றில் படிந்தது. 2001இல் எண்ணூர்த் துறைமுகம், அப்புறம் காட்டுப்பள்ளித் துறைமுகம். முழங்கால் ஆழச் சதுப்பெல்லாம் மணல்மேடு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய் கழிமுகத்துக்குள் புகுந்தபோது கூழைக்கடாக்கள் கறுப்பாக நின்ற படங்களை நாடே பார்த்தது. அந்தப் படம் வந்த அன்று எனக்கு, வானம் கறுத்தது என்ற அந்தப் பழைய பேச்சு நினைவுக்கு வந்து தொலைத்தது.

சத்தமில்லாத கேடு ஒன்றும் உண்டு. ஏரியைச் சீரமைக்கிறோம் என்று நடுவே ஆழமாகத் தோண்டி, எடுத்த மண்ணைக் கரையில் கொட்டி, செங்குத்தாகக் கல் பதித்து, மேலே நடைபாதை போடுகிறார்கள். தண்ணீர் சேரும், மக்கள் நடப்பார்கள், நல்லதுதான். ஆனால் முழங்கை ஆழம் இருந்த ஓரங்கள் போய்விடும். வாத்தின் கணக்கில் அது ஏரியே இல்லை, பெரிய கிணறு.

1995இல் மீன்வள ஆய்வாளர் டேனியல் பாலி ஒன்றைச் சொன்னார்: ஒவ்வொரு தலைமுறையும் தான் தொழிலுக்கு வந்தபோது கடலில் இருந்த மீனையே இயல்பான அளவு என்று எடுத்துக்கொள்கிறது, அதற்கு முன் இருந்தது மறந்துபோகிறது, அதனால் சரிவு யார் கண்ணிலும் முழுதாகப் படுவதில்லை. அளவுகோலே நழுவிக்கொண்டிருக்கிறது. காசிமேட்டில் எந்த வயதானவரிடம் வஞ்சிரத்தைப் பற்றிக் கேட்டாலும் இதையே அவர் பாஷையில் சொல்வார். பறவைக்கும் இது அப்படியே பொருந்தும். ஆசியா முழுக்க நீர்ப்பறவைக் கணக்கெடுப்பு 1987இல்தான் தொடங்கியது. எண்ணூரில் அனல்மின் நிலையமும் ஆலைகளும் வந்து பதினைந்து வருஷம் கழித்து. நம் கையில் இருக்கும் முதல் ஒழுங்கான எண்ணே சரிவுக்குப் பிந்தைய எண். 2023இல் வந்த இந்தியப் பறவைகளின் நிலை அறிக்கை 942 இனங்களை எடை போட்டு, அதிகமாகக் குறைந்தவற்றில் வாத்துகளையும் சேர்த்திருக்கிறது. நீலச்சிறகி உலக அளவில் அழிவு ஆபத்தில் இல்லை, ஆனால் குறைந்துகொண்டு வருகிறது. 1987க்கு முந்தைய வடசென்னைக்கு யாரிடம் கேட்பது? திண்ணையிடம்தான் கேட்க வேண்டும்.

அல்லது நரிக்குறவர்களிடம். இதைச் சொல்லக் கொஞ்சம் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் பெரியப்பாவின் கோஷ்டிக்கு ஏரியில் பறவை இருக்குமிடம் காட்டியவர்களே அவர்கள்தான் என்று பேச்சுக்கு நடுவே வரும், பெயர் மட்டும் வராது. கண்ணியும் நாட்டுத் துப்பாக்கியுமாக நீர்ப்பறவையை நம்பிப் பிழைத்தவர்கள். ரயில்வேக்காரர்களுக்கு வேட்டை போனது ஒரு ஞாயிற்றுக்கிழமைப் பொழுதுபோக்கு போனது மாதிரி. அவர்களுக்கு அடுப்பு போனது. ஊசியும் பாசிமணியும் விற்கப் போனார்கள். பழங்குடிப் பட்டியலில் சேர்க்கச் சட்டம் நிறைவேறியது 2022 டிசம்பரில். எந்த மாதத்தில் எந்தத் தாங்கலில் என்ன இறங்கும் என்று அவர்களுக்குத் தெரிந்ததில் பத்தில் ஒரு பங்கும் என் பெரியப்பாவுக்குத் தெரிந்திருக்காது. அந்தத் திண்ணையில் நான் உட்கார்ந்ததில்லை.

பெரியப்பாவும் அங்கிளும் இப்போது இல்லை. அந்தக் கோஷ்டியில் ஒருவர் மட்டும் இருக்கிறார், எண்பதைத் தாண்டியவர். போன தை மாதம் அவரைக் காட்டூர்ப் பக்கம் அழைத்துப் போனேன். ஏரியின் நடுவில் கரும்பட்டையாக நீலச்சிறகிகள். கண் சரியில்லை, பைனாகுலரைக் கொடுத்தால் வேண்டாம் என்றார். கரையில் குந்தினார். அரைமணி நேரம் எதுவும் நடக்கவில்லை. அப்புறம் ஒரு பூனைப்பருந்து கோரைமேல் தாழ்வாக வந்தது. மொத்தக் கூட்டமும் எகிறியது. இறக்கைச் சத்தம் ஒரு லாரி ஜல்லி கொட்டினாற்போல். ஒரு வட்டம், இன்னொரு வட்டம், மூன்றாவது வட்டத்தில் தலைக்கு மேலே போய் எதிர்க்கரையில் இறங்கின. அவர் வாயைத் திறந்தபடி மேலே பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் பத்து, நூறு என்று நகர்த்தி எண்ணியதில் எழுநூற்றைம்பது வந்தது. குறிப்பேட்டில் எழுதிக்கொண்டேன். "எத்தனை இருக்கும் மாமா?" என்று கேட்டேன்.

"ரெண்டாயிரம் இருக்கும்டா."

பொன்னேரி டீக்கடையில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம் அது ஐந்தாயிரம் ஆனது. பெரம்பூரில் அவரை இறக்கிவிட்டு வீட்டுக்கு வந்தேன். காலையில் என்ன பார்த்தீர்கள் என்று மனைவி கேட்டாள். ஷூவைக் கழற்றிக்கொண்டே சொன்னேன், ஆயிரத்துக்குக் குறையாது என்று.